பதிலின்மையும் மறுப்பும்

கோலார் தங்க வயலுக்கு மின்சாரம் வந்தது 1902-ஆம் ஆண்டில். காவிரி வீழும் சிவசமுத்திரத்தில் அஃது உற்பத்தியாகி, ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியே வந்து, சுரங்கத்து இயந்திரங்களை இயக்கிற்று. அக்காலத்தில் உலகிலேயே மிக நீண்ட மின்தொடர்களுள் அதுவும் ஒன்று. கண்ணுக்கு எட்டாத ஓரிடத்தில் இருக்கும் பொருளை நம்பி அன்றாட வேலையை நடத்துவது, ஆகவே, இவ்வூர் மக்களுக்குப் புதியதன்று. மின்சாரம் நின்றால் குற்றம் உற்பத்தி நிலையத்திலா, நடுவழிக் கம்பியிலா, வாயிலில் உள்ள மின்மாற்றியிலா, உள்ளே ஓடும் மோட்டாரிலா என்ற கேள்விக்கு விடை காணாமல் யாரும் ஒரு திருகைக்கூடக் கழற்ற முடியாது.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதியோடு பாரத தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று மாரிக்குப்பத்திலும் ஊர்காமிலும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர் ஏராளம். அவர்களிற் பலர் கணிப்பொறியோடு பழகுகிறவர்கள். ஊரிலேயே தங்கிப் பள்ளியிலும் கள அலுவலகங்களிலும் பணிபுரிவோரும் தம் பதிவுகளைப் பேரேட்டில் எழுதுவதில்லை. எங்கோ ஒரு மேகச் சர்வரில் உள்ள தரவுத்தளத்தில் எழுதுகிறார்கள். தூரத்துப் பொருளை நம்புவது மீண்டும் வந்துவிட்டது. ஆனால் "குற்றம் எங்கே?" என்று படிப்படியாகக் கேட்கும் பழக்கம் அதனுடன் வரவில்லை. இக்கட்டுரை அதுபற்றியது.

சென்ற ஆண்டு, நான் தமிழாக்கம் செய்த ஒரு கையேடு எவ்வாறு பயன்படுகிறது என்று பார்த்துவருமாறு என்னை அனுப்பியிருந்தார்கள். சென்ற இடங்களுள் ஒன்று தங்க வயற் பகுதியில் உள்ள ஒரு சிறு கள அலுவலகம். கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து பதிவு செய்வது அவர்கள் வேலை. அலுவலகத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. நான் போனபோது இரண்டு நாளாக எவரும் பதிவு செய்யவில்லை. அளவுகள் எல்லாம் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன.

"சர்வர் டவுன், சார்" என்றார் களப்பணியாளர்.

தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டாயிற்றாம். அங்கிருந்து வந்த பதில், "சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது, எங்களுக்கு வேலை செய்கிறது" என்பது. இவர் விடாமல், தம் கைப்பேசியின் இணையத்தைக் கணிப்பொறிக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். அதிலும் இணைப்புக் கிடைக்கவில்லை. ஆகவே அலுவலகத்து இணையத்தில் குறையில்லை, சர்வரிலேதான் குறை என்று முடிவு கட்டிவிட்டார். கெட்டிக்காரத்தனமான சோதனைதான். முடிவு மட்டும் தவறு.

நடந்தது இது. சில நாட்களுக்கு முன் அலுவலகத்துக்கு இணைய வசதி தரும் நிறுவனத்தை மாற்றியிருந்தார்கள். அதனால் வெளியுலகுக்குத் தெரியும் அலுவலகத்தின் எண்முகவரியும் மாறிற்று. சர்வரின் வாயிலில் உள்ள காவலுக்கு, அதாவது ஃபயர்வாலுக்கு, அனுமதி பெற்ற முகவரிகளின் பட்டியல் ஒன்று கொடுக்கப்பட்டிருந்தது. அதில் இருந்தது பழைய எண். கைப்பேசியின் எண் ஒருநாளும் அப்பட்டியலில் இருந்ததில்லை. தலைமை அலுவலகத்தின் எண் இருந்தது. ஆகவே, "வரவில்லை" என்றவரும் உண்மையே சொன்னார், "வருகிறது" என்றவரும் உண்மையே சொன்னார். இருவரும் இரண்டு நாள் ஒருவர்மீது ஒருவர் வருத்தத்தோடு இருந்தார்கள்.

இதை அவர்கள் எவ்வாறு தீர்த்தார்கள் என்பது பின்னர் வரும். அதற்குமுன் என் பங்கை ஒப்புக்கொள்ள வேண்டும். திரையில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். ஆங்கிலத்தில் ஏதோ வந்தது, கையேட்டைப் பார்த்தேன், 'இணைப்புக் கிடைக்கவில்லை' என்று போட்டிருந்தது என்றார். கையேட்டைப் புரட்டினேன். 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்' என்பதற்கும், 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்பதற்கும் அங்கே ஒரே தமிழ்த் தொடரைத்தான் எழுதியிருக்கிறேன். எழுதிய அன்று அது எளிமை என்று தோன்றிற்று. உண்மையில், ஒரு தடயத்தை நானே அழித்துவிட்டிருந்தேன்.

இவ்விரண்டு செய்திகளும் ஒன்றல்ல. ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். உள்ளிருந்து "இங்கே அப்படி யாரும் இல்லை" என்று ஒரு குரல் வருகிறது. இது மறுப்பு. மற்றொரு நாள் தட்டுகிறோம், எந்தக் குரலும் வரவில்லை, காத்திருந்து திரும்புகிறோம். இது பதிலின்மை. மறுப்பு வந்தால், தெரு சரி, வீடு சரி, வீட்டில் ஆள் இருக்கிறது என்பவை தாமே தெளிவாகின்றன. நாம் தேடிய நபர் மட்டும் அந்தக் கதவருகே இல்லை. கணிப்பொறியில் இதன் பொருள், சர்வர் வரை பாதை இருக்கிறது, இயந்திரம் உயிரோடு இருக்கிறது, ஆனால் நாம் தட்டிய போர்ட் எண்ணில் தரவுத்தள நிரல் செவிகொடுத்துக் கொண்டிருக்கவில்லை என்பதாகும். நிரல் நின்றுபோயிருக்கலாம், நாம் எண்ணைத் தவறாக எழுதியிருக்கலாம், அல்லது அந்நிரல் தன் சொந்த இயந்திரத்துக்குள்ளிருந்து வரும் அழைப்பை மட்டும் கேட்குமாறு அமைக்கப்பட்டிருக்கலாம். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம் நிறுவப்பட்ட நிலையில் அவ்வாறுதான் இருக்கும். காவல் நிரலே மறுப்பைச் சொல்லுமாறு அமைப்பதும் உண்டு, அது சிறுபான்மை.

பதிலின்மை வேறு வகை. அழைப்பு வழியில் தொலைந்திருக்கலாம், முகவரி தவறாக இருக்கலாம், இயந்திரமே அணைந்திருக்கலாம். ஆனால் மேகச் சர்வர்களைப் பொறுத்தவரை மிகப் பெரும்பாலும் அது காவலின் வேலை. பட்டியலில் இல்லாத முகவரியிலிருந்து வரும் அழைப்பை இந்தக் காவல்கள் "இல்லை" என்று சொல்லித் திருப்புவதில்லை; வாய் திறவாமல் கீழே போட்டுவிடுகின்றன. வேண்டாதவனுக்கு உள்ளே வீடு இருக்கிறது என்றுகூடத் தெரிய வேண்டாம் என்பது கருத்து. அந்தக் களப்பணியாளரின் திரையில் வந்தது இதுதான். 'மறுமொழி வராமல் நேரம் கடந்தது' என்று நான் எழுதியிருந்தால், காவலைப் பற்றி யாராவது ஒருவர் முதல் நாளே நினைத்திருப்பார்.

பதிலின்மையைப் படிக்கக் கற்ற ஊர் இது என்பதால்தான் எனக்கு வருத்தம் அதிகம். 1960-களின் முற்பகுதியில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் தங்க வயற் சுரங்கங்களில் இறங்கி, வானிலிருந்து வந்து பூமியைத் துளைக்கும் காஸ்மிக் துகள்களை வெவ்வேறு ஆழங்களில் எண்ணினார்கள். ஆழம் கூடக்கூட எண்ணிக்கை குறைந்தது. அவர்கள் எட்டிய மிக ஆழமான மட்டத்தில், வாரக்கணக்கில் காத்திருந்தும் ஒரு துகளும் பதிவாகவில்லை. கருவி கெட்டுப்போயிற்று என்று அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு மேலேறிவிடவில்லை. மேல்மட்டங்களில் சரியாக எண்ணிய கருவி என்பதால், அந்தப் பதிலின்மையே ஒரு செய்தியாயிற்று. இவ்வளவு அமைதியான இடத்தில், மற்றத் துகள்களின் கூச்சலில்லாமல், நியூட்ரினோவைத் தேடலாம் என்ற எண்ணம் வலுத்தது. 1965-இல் டாட்டா நிலையமும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் கூடி, ஏறக்குறைய 2,300 மீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் அடையாளத்தைப் பதிவு செய்தன. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் மற்றொரு குழு அதைக் கண்டது.

நம் களப்பணியாளரிடம் இருந்தது இதே வகைக் கேள்வி. எதுவும் கேட்கவில்லை, கேட்கும் காது கெட்டதா, அல்லது அங்கே ஒலியே இல்லையா? விடை காண அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சோதனை. அதே சர்வரில், எல்லார்க்கும் திறந்த ஓர் இணையப் பக்கமும் இருந்தது. அதைத் திறந்து பார்த்திருந்தால் அது உடனே திறந்திருக்கும். நானே திறந்து பார்த்தேன். இயந்திரம் உயிரோடிருக்கிறது, பாதை இருக்கிறது, ஒரு கதவு திறக்கிறது, மற்றொன்று மட்டும் பேசாமல் இருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும்.

நிற்க. 'மேகம்' என்ற சொல்லே பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் எண்ணம். ஆங்கிலத்தில் யாரோ வைத்த பெயர். நாம் அப்படியே எடுத்துக்கொண்டோம். நம் மத்திய அரசும் தன் திட்டத்துக்கு 'மேகராஜ்' என்று பெயரிட்டது. தேசியத் தகவலியல் மையத்தின் மேகச் சேவை 2014-இல் தொடங்கிற்று. பெயர் அழகுதான். ஆனால் வானத்தில் இருக்கும் ஒன்று பழுதானால் மனிதன் கையில் என்ன இருக்கிறது என்ற மனப்பான்மையை அது வளர்க்கிறது. மேகம் என்பது பூமியில், சுவரும் கூரையும் குளிர்பதன வசதியும் கொண்ட ஒரு கட்டடத்தில் இருக்கும் இயந்திரம். அதற்கு ஒரு பெயர், ஓர் எண்முகவரி, எண்ணிட்ட பல கதவுகள் இருக்கின்றன. மைஎஸ்க்யூஎல் வழக்கமாகச் செவிகொடுப்பது 3306-ஆம் கதவில், போஸ்ட்கிரெஸ் 5432-இல். இவ்வளவும் அறிந்தபின் அதில் மாயம் ஒன்றுமில்லை.

தேட வேண்டிய வரிசையும் எளிது. முதலில் பெயர்: சர்வரின் பெயரைக் கொடுத்தால் எண்முகவரி கிடைக்கிறதா? பெயரை எண்ணாக்கும் ஏற்பாட்டை 1983-இல் பால் மொக்காபெட்ரிஸ் வகுத்தார். அது பழுதானால் வருவது 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்ற செய்தி, அதற்கும் பாஸ்வேர்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கிடைத்த எண் 10 என்றோ 192.168 என்றோ தொடங்கினால் அது உள்வீட்டு முகவரி; வெளியிலிருந்து அதை நேரே அடைய முடியாது. அடுத்து, பாதை. இதற்குப் பலரும் 'பிங்' என்னும் சிறு நிரலைப் பயன்படுத்துகிறார்கள். கடலடியில் ஒலி அனுப்பி எதிரொலி கேட்கும் சோனார் கருவியின் ஓசையை வைத்து, மைக் மூஸ் என்பவர் 1983-இல் எழுதியது. நல்ல கருவி. ஆனால் ஓர் எச்சரிக்கை: மேகச் சர்வர்கள் பல, பிங்குக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்றே அமைக்கப்பட்டிருக்கும். பிங் வந்தால் இயந்திரம் உயிரோடிருக்கிறது என்று கொள்ளலாம். வராவிட்டால் இறந்தது என்று கொள்ளலாகாது. இந்த ஒரு வாக்கியத்தை அறியாமல் வீணான தொலைபேசி அழைப்புகளுக்குக் கணக்கில்லை.

அதன்பின், கதவு. குறிப்பிட்ட போர்ட் எண்ணைத் தட்டிப் பார்ப்பதற்கு டெல்நெட் போன்ற பழைய நிரல்களே போதும். மேற்சொன்ன மறுப்பும் பதிலின்மையும் வெளிப்படும் இடம் இதுதான். கதவு திறந்து, பேச்சுத் தொடங்கியபின் வரும் குற்றங்கள் வேறு இனம். பாஸ்வேர்டு தவறு என்று சர்வர் சொல்லுமானால், வலையமைப்பு முழுவதும் நலம் என்று அதுவே சான்றிதழ் தருகிறது. அப்போது கம்பியை ஆட்டிப் பார்ப்பது வீண். சான்றிதழ் என்றதும் நினைவுக்கு வருகிறது: கணிப்பொறியின் கடிகாரம் தவறான தேதி காட்டினாலே மறைகுறியாக்கப்பட்ட இணைப்பு நின்றுவிடும். மின்கலம் தீர்ந்த பழைய பள்ளிக் கணிப்பொறிகளில் இது சர்வசாதாரணம். இன்னும் ஒன்று, மாலை வேளையில் மட்டும் வரும் குற்றம். எல்லாரும் ஒரே நேரத்தில் பதிவு செய்ய முற்படும்போது, 'இணைப்புகள் மிகுந்துவிட்டன' என்று சர்வர் சொல்லும். போஸ்ட்கிரெஸ் தானாக அனுமதிப்பது 100 இணைப்புகள், மைஎஸ்க்யூஎல் 151. முடித்த வேலையை மூடாமல் விட்டுச் செல்லும் நிரல்கள் இந்த இடங்களை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இனி, அந்த அலுவலகம் கண்ட தீர்வுக்கு வருவோம். மூன்றாம் நாள் தலைமை அலுவலகத்தில் யாரோ ஒருவர், காவற் பட்டியலில் 0.0.0.0/0 என்று எழுதிவிட்டார். உடனே வேலை செய்தது. எல்லாருக்கும் மகிழ்ச்சி. களப்பணியாளர் எனக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். அந்த எழுத்துகளின் பொருளை அவரிடம் சொன்னபோது அவர் முகம் மாறிற்று: உலகத்தில் உள்ள எந்த முகவரியிலிருந்தும் எவரும் வரலாம் என்பது அதன் பொருள். மறைந்துபோன சாவிக்கு மாற்றாகச் சுவரை இடித்தாயிற்று.

இது பழுதுபார்த்தல் அன்று என்பதே என் உறுதியான கருத்து. தரவுத்தளக் கதவை உலகுக்குத் திறந்து வைத்ததன் விளைவை அனுபவம் இருமுறை காட்டியிருக்கிறது. 2003-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி, மைக்ரோசாஃப்ட் தரவுத்தளத்தின் 1434-ஆம் கதவு வழியே 'ஸ்லாமர்' என்னும் தீநிரல் பரவிற்று. பத்து நிமிடங்களுக்குள் அது தாக்கக்கூடிய இயந்திரங்களில் பெரும்பாலானவற்றைத் தாக்கிவிட்டது. தொகை ஏறக்குறைய 75,000. அந்தக் குறையை அடைக்கும் திருத்தம் அதற்கு ஆறு மாதம் முன்பே, 2002 ஜூலையில், வெளியிடப்பட்டிருந்தது. அடுத்து, 2017-ஆம் ஆண்டு ஜனவரியில், மோங்கோ என்னும் தரவுத்தளங்களில் பாஸ்வேர்டும் காவலும் இல்லாமல் திறந்து கிடந்தவை பல்லாயிரக்கணக்கில் அழிக்கப்பட்டன. அழித்தவர்கள், பணம் கொடுத்தால் திருப்பித் தருவதாக ஒரு சீட்டை மட்டும் உள்ளே வைத்துவிட்டுச் சென்றார்கள். அவற்றை அமைத்தவர்களிலும் எத்தனையோ பேர், "இப்போதைக்கு வேலை நடக்கட்டும்" என்று நினைத்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

நீர்மட்ட அளவுகளை யார் திருடப் போகிறார்கள் என்று கேட்கலாம். கேட்டார்கள். திருட வேண்டியதில்லை, அழித்தால் போதும், அல்லது யாரும் அறியாமல் இரண்டொரு எண்களை மாற்றினால் போதும். ஒரு கிணற்றின் பத்தாண்டு அளவு போய்விட்டால் அதை மறுபடி அளக்க முடியாது. சென்ற ஆண்டின் நீர் சென்ற ஆண்டோடு போயிற்று. பள்ளிகளின் பதிவேடுகளில் உள்ளவை பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் என்பதை ஆசிரியர்கள் நினைவிற் கொள்வார்களாக.

முறையான தீர்வுகள் கடினமானவை அல்ல. அலுவலகத்துக்கு மாறாத எண்முகவரி ஒன்றை வாங்கிப் பட்டியலில் சேர்க்கலாம். அதனினும் நல்லது, இடையே மறைகுறியாக்கப்பட்ட ஒரு தனிப்பாதை அமைத்து அதன் வழியே மட்டும் தரவுத்தளத்தை அடையச் செய்வது. ஆங்கிலத்தில் இதனை 'டனல்' என்கிறார்கள். கையேட்டில் நான் இதற்கு 'சுரங்கவழி' என்று எழுதியிருந்தேன். தங்க வயலில் அதைப் படித்த ஒரு முதியவர், "சுரங்கவழி என்றால் ஒரு வாய்தானே இருக்க வேண்டும், சார், கண்டவன் இறங்கக்கூடாது" என்றார். அவர் கணிப்பொறி அறியாதவர். அந்த ஓர் இடத்தில் மட்டும் என் மொழிபெயர்ப்பு சரியாக இருந்தது என்று தெரிந்துகொண்டேன்.

இதில் அலுவலகங்களின் கடமை ஒன்றுண்டு. களப்பணியாளரிடம் "சர்வர் டவுன்" என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறெதுவும் நாம் கற்றுத் தரவில்லை. பின் அவர் அதையே சொன்னால் எரிச்சல் அடைகிறோம். திரையில் வந்த செய்தியை, மொழிபெயர்க்காமல், சுருக்காமல், எழுத்துக்கு எழுத்து எழுதிக்கொள், மணி எழுது, அதே நேரத்தில் வேறு எது திறந்தது, எது திறக்கவில்லை என்று எழுது, அன்றைய வெளிமுகவரி எண்ணை எழுது. நான்கு வரி. பயிற்சி வகுப்புகளில் மணிக்கணக்காகப் படம் காட்டுவதை நிறுத்திவிட்டு இந்த நான்கு வரியை எழுதப் பழக்கினால், தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் ஊகம் செய்ய வேண்டியதில்லை. அவரும், "எங்களுக்கு வேலை செய்கிறது" என்ற பதிலை ஒரு பதிலாகக் கருதுவதை விட்டுவிட வேண்டும். மற்றொருவர்க்கு வேலை செய்வது குற்றம் எங்கே இல்லை என்பதைக் காட்டும். எங்கே இருக்கிறது என்பதைக் காட்டாது.

ஆசிரியர்களுக்குக் கணிப்பொறியே வேண்டாம். வகுப்பில் எட்டுப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து ஒரு சீட்டைக் கைமாற்றி அனுப்பச் சொல்லுங்கள். இடையில் ஒருவனிடம் மட்டும் இரகசியமாக, "வருவதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள், பேசாதே" என்று சொல்லிவையுங்கள். கடைசிப் பிள்ளையிடம் வேறொரு நாள், "வேண்டாம் என்று எழுதித் திருப்பி அனுப்பு" என்று சொல்லுங்கள். சீட்டை அனுப்பிய பிள்ளை, இரண்டு நாளும் தனக்கு நேர்ந்தது ஒன்றல்ல என்பதைத் தானே கண்டுகொள்வான். ஊர்காமில் ஓர் ஆசிரியை இதைச் செய்து பார்த்தார். பேசாமல் இருக்கச் சொன்ன சிறுவனுக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லையாம்.

அந்த அலுவலகத்தின் பட்டியலில் இருந்து 0.0.0.0/0 என்பது பின்னர் நீக்கப்பட்டு, புதிய எண் சேர்க்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. கையேட்டின் அடுத்த பதிப்புக்கான திருத்தங்களை அனுப்பிவிட்டேன். 'ரெஃப்யூஸ்டு' என்பது 'மறுக்கப்பட்டது'. 'டைம்ட் அவுட்' என்பது 'மறுமொழி வராமல் நேரம் கடந்தது'. ஒவ்வொன்றின் அருகிலும் மூலச் செய்தியைத் தமிழ் எழுத்தில் அப்படியே கொடுத்திருக்கிறேன். மூன்றாவதாக ஒன்று நிற்கிறது: பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே மறுமுனை சட்டென்று தொடர்பைத் துண்டித்துவிடுவது. ஆங்கிலத்தில் அதனை 'ரீசெட்' என்கிறார்கள். 'அறுந்தது' என்றால் கம்பி அறுந்ததாகப் பொருள்படுகிறது. 'முறிக்கப்பட்டது' என்றால் சண்டை போல் இருக்கிறது. மறுமுனைதான் செய்தது என்பதும், வேண்டுமென்றே செய்தது என்பதும் விளங்கும்படியான தமிழ்ச் சொல், சுரங்கத்துப் பேச்சிலோ பள்ளிக்கூடத்துப் பேச்சிலோ வழங்குமாயின், அன்பர்கள் ஆசிரியர் குழுவின் முகவரிக்கு எழுதியனுப்புமாறு வேண்டுகிறேன்.